சர்க்கரையின் வாயில்கள்

பதினைந்து ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்ந்து பழகிய என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சென்ற மாதம் ஒரு நாள் காலையில் ஆய்வுக்கூடத்துச் சீட்டொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, முகம் வாடியவராய் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். வைத்தியர் புதிதாக எழுதிக்கொடுத்திருந்த மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் உட்கொண்டு வந்தவர் அவர். இரத்தச் சர்க்கரை முன்னைவிடக் குறைந்திருந்தது. அதைப் பற்றி அவருக்கு மனக்குறை ஏதுமில்லை. ஆனால், பல காலமாகச் சுத்தமாக இருந்துவந்த சிறுநீர்ச் சர்க்கரை என்னும் வரிக்கு எதிரே, இப்போது நான்கு கூட்டல் குறிகள் வரிசையாக நின்றிருந்தன.

"மாத்திரை தின்னத் தின்ன மூத்திரத்தில் சர்க்கரை ஏறுகிறதே! வியாதி முற்றிவிட்டதா, அல்லது கடைக்காரன் மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டானா?" என்று அவர் கேட்டபோது, அந்தக் குரலிலிருந்த கலக்கம் நியாயமானதே என்று எனக்குப் பட்டது, ஏனெனில், மனித குலம் இந்த வியாதியை அறிந்துகொண்ட நாள் முதலாகச் சிறுநீரின் இனிப்பே அதன் அடையாளமாகவும், அதன் பெயராகவும்கூட இருந்துவந்திருக்கிறது. வியாதி முற்றவில்லை, மருந்தும் மாறவில்லை, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவதுதான் அந்த மாத்திரையின் வேலை என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், இவ்வளவு சொன்னால் போதாது என்பதும், நம் சரீரத்தில் சர்க்கரை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எவ்வாறு போகிறது என்ற கதையை அடியிலிருந்து சொன்னாலன்றி அவர் மனம் அமைதி பெறாது என்பதும் எனக்குத் தெளிவாயின. அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஆற அமரச் சொல்ல விரும்புகிறேன்.

நீரிழிவு என்ற நம் சொல்லில் உள்ள 'இழிதல்', மேலிருந்து கீழே இறங்கிப் பாய்வதைக் குறிப்பது. கிரேக்கர்கள் வைத்த டயாபெடிஸ் என்ற பெயருக்கும், ஊடே கடந்து ஓடிப்போதல் என்பதே பொருள். ஆயுர்வேத நூல்களோ இதைத் தேனுக்கு ஒப்பிட்டு மதுமேகம் என்று அழைத்தன. நோயாளியின் சிறுநீரை எறும்புகள் நாடி வருவதையும் நம் முன்னோர் கண்டு குறித்துவைத்தனர். அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்க வெகு காலம் ஆயிற்று. 1776-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து வைத்தியரான மாத்யூ டாப்ஸன், நோயாளி ஒருவரின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்தபோது, பழுப்புச் சர்க்கரையைப் போன்ற தோற்றமும் சுவையும் உடைய பொருள் அடியில் தங்குவதைக் கண்டதோடு, அந்நோயாளியின் இரத்தத்திலிருந்து பிரிந்த தெளிநீரும் இனிப்பதைக் கண்டார். ஆகவே இனிப்பைச் சிறுநீரகம் தானாக உண்டாக்குவதில்லை என்பதும், இரத்தத்தில் ஏற்கெனவே மிகுந்து கிடப்பதுதான் அதன் வழியே வெளியேறுகிறது என்பதும் விளங்கின.

இரத்தத்தில் அப்படி எவ்வளவுதான் சர்க்கரை இருக்கிறது என்று கணக்கிட்டுப் பார்த்தால் வியப்பு உண்டாகும். ஆரோக்கியமான ஒருவர் வெறும் வயிற்றில் இருக்கும்போது, நூறு மில்லிலிட்டர் இரத்தத்துக்கு 100 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான குளுக்கோஸ் இருக்கும். சரீரம் முழுவதிலும் உள்ள ஐந்து லிட்டர் இரத்தத்துக்கும் சேர்த்து இது ஏறக்குறைய 5 கிராம்; காப்பியில் போடும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை. மூளை ஒன்று மட்டுமே நாளொன்றுக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. அந்த ஒரு தேக்கரண்டி இடைவிடாமல் குறைந்தும் நிறைந்தும், ஆனால் மட்டம் மாறாமலும் இருந்துகொண்டே இருக்க வேண்டும். நீரிழிவு என்பது இந்த மட்டம் பிறழ்வது. அது ஏன் பிறழ்கிறது என்று ஆராய்ந்துகொண்டே போனால், ஒவ்வோர் உயிரணுவின் எல்லையிலும் உள்ள கதவருகே சென்று நிற்போம்.

உயிரணு ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் பங்காக வகுத்தால் ஒரு பங்குக்கு எவ்வளவு வருமோ, ஏறக்குறைய அவ்வளவே அதன் கனம். கனம் சிறிதாயினும் அது கொழுப்பால் ஆனது. குளுக்கோஸோ நீரில் கரைந்து நீரோடு உறவாடும் பொருள். எண்ணெயும் தண்ணீரும் போல இவை ஒன்றோடொன்று ஒட்டாதவை. ஆதலால், இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவுதான் பெருகிக் கிடந்தாலும், சவ்வில் அதற்கென்று ஒரு வாயில் இல்லாவிட்டால் உயிரணு பட்டினிதான் கிடக்கும். அந்த வாயில்கள் புரதங்களால் ஆனவை. சவ்வின் குறுக்கே ஊடுருவி நிற்பவை. அவற்றுள் முதலில் அடையாளம் காணப்பட்ட குடும்பத்துக்குக் 'குளூட்' என்று பெயர். மனித சரீரத்தில் இக்குடும்பத்தில் பதினான்கு வகைகள் உண்டு.

வாயில் என்றவுடன், திறந்து கிடக்கும் ஒரு துவாரத்தை நினைத்துக்கொள்ளக் கூடாது. துவாரமாயிருந்தால் சர்க்கரையோடு மற்றவையும் புகுந்துவிடும். ஓலெக் ஜார்டெட்ஸ்கி என்ற விஞ்ஞானி 1966-இல் எடுத்துரைத்த கருத்துப்படி, இந்தப் புரதத்தின் நடுவே ஒரே ஓர் இருக்கை இருக்கிறது. அது ஒரு சமயம் வெளிப்புறம் நோக்கித் திறந்திருக்கும், மறு சமயம் உட்புறம் நோக்கித் திறந்திருக்கும், இரு புறமும் ஒருசேரத் திறப்பது ஒருபோதும் இல்லை. வெளியிலிருந்து வரும் குளுக்கோஸ் இருக்கையில் அமர்ந்தவுடன் புரதம் தன் உருவத்தைச் சற்றே மாற்றிக்கொள்ள, வெளிப்பக்கம் மூடுகிறது, உட்பக்கம் திறக்கிறது, சர்க்கரை உள்ளே இறங்குகிறது. இரத்தச் சிவப்பணுக்களிலும், மூளைக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரிலும் உள்ள குளூட் 1 என்னும் வாயிலின் வடிவத்தை, பெய்ஜிங் நகரத்துச் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தில் நியெங் யான் என்ற பெண் விஞ்ஞானியின் குழுவினர் 2014-இல் அணு அணுவாகப் படம்பிடித்துக் காட்டினர். அது உட்புறம் நோக்கித் திறந்த நிலையில் இருந்தது.

இந்த ஒரு வாயில் பிறவியிலேயே பழுதுபட்டுவிட்டால் என்ன நேரும் என்பதை எண்ணும்போது நெஞ்சம் நெகிழ்கிறது. அத்தகைய குழந்தைக்கு இரத்தச் சர்க்கரை சரியான அளவில்தான் இருக்கும். ஆயினும் அது மூளைக்குள் போதிய அளவு புகாமையால் வலிப்பு வரும், வளர்ச்சி தடைப்படும். வாசல் வரை வந்த அன்னம் வீட்டுக்குள் வராத கொடுமை அது. வாயிலின் இரகசியத்தை அறிந்துகொண்டமையால் இதற்கு ஒரு பரிகாரமும் கிடைத்தது: மாவுப்பொருளைப் பெரிதும் குறைத்துக் கொழுப்பை மிகுதியாக உணவில் கொடுத்தால், அதிலிருந்து உண்டாகும் கீட்டோன் என்ற பொருள்கள் வேறொரு வாயில் வழியே மூளைக்குள் சென்று அதற்குச் சக்தி அளிக்கின்றன.

நீரிழிவுக்கு வருவோம். ஜெர்மானிய வைத்திய விஞ்ஞானியான யோசெஃப் ஃபான் மேரிங் என்பவர், ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் மூன்றாண்டு இடைவெளியில் செய்த இரண்டு பரிசோதனைகளே இன்றைய வைத்தியத்தின் இரு கிளைகளுக்கும் வித்து என்று சொல்லலாம். அவற்றுள் பிந்தியது உலகறிந்தது. 1889-இல் அவரும் ஆஸ்கார் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் கணையத்தை நீக்கியபோது, அந்த நாய்க்குக் கடுமையான நீரிழிவு உண்டாயிற்று. அந்தப் பாதையில் நடந்தவர்கள்தாம் 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரத்தில் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்த பான்டிங்கும் பெஸ்டும். முந்திய பரிசோதனையைச் சிலரே நினைவு வைத்திருக்கின்றனர். அதைப் பின்னர் சொல்கிறேன்.

இன்சுலின் சர்க்கரையைச் சுமந்து சென்று உயிரணுவுக்குள் தள்ளுகிறது என்று பலர் எண்ணியிருக்கின்றனர். பள்ளிப் பாடங்களில் அதை ஒரு திறவுகோலாக வருணிப்பதும் வழக்கம். உண்மையில் நடப்பது இவ்விரண்டைவிட அழகானது. தசையிலும் கொழுப்பிலும் உள்ள உயிரணுக்களுக்குக் குளூட் 4 என்னும் தனி வாயில் உண்டு. சாதாரண வேளைகளில் அந்த வாயில்களில் பெரும்பாலானவை சவ்வில் இருப்பதில்லை. உயிரணுவின் உள்ளே, நுண்ணிய குமிழ்களின் மேல் பதிக்கப்பட்டுச் சேமித்துவைக்கப்பட்டிருக்கின்றன. உணவு உண்டபின் கணையத்திலிருந்து புறப்படும் இன்சுலின், உயிரணுவின் வெளிப்புறத்தில் தனக்கென அமைந்த ஏற்பியைத் தொட்டவுடன், அச்செய்தி பல கைகள் மாறி உள்ளே சென்று சேர, குமிழ்கள் புறப்பட்டு வந்து சவ்வோடு கலக்கின்றன. உள்ளே கிடந்த கதவுகள் ஒவ்வொன்றாய் மதிலில் வந்து பொருந்துகின்றன. சர்க்கரை உள்ளே பாய்கிறது. இன்சுலின் தணிந்ததும் கதவுகளைச் சவ்விலிருந்து கழற்றி, மறுபடியும் உள்ளே எடுத்துவைத்துக்கொள்கிறது உயிரணு. எலியின் கொழுப்பணுக்களை ஆராய்ந்த இரண்டு அமெரிக்கக் குழுவினர், 1980-இல் தனித்தனியே இந்த உண்மையைக் கண்டறிந்தனர்.

நம்மில் பெரும்பாலோருக்கு வருகிற இரண்டாம் வகை நீரிழிவில் இந்தச் செய்தித்தொடர் மங்கிவிடுகிறது. இன்சுலின் வந்து தொட்டாலும் உள்ளே குரல் சரியாகக் கேட்பதில்லை. கதவுகள் போதிய அளவில் மேலே வருவதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து உரக்கக் கூவுகிறது. சில ஆண்டுகளில் அதுவும் களைத்துப்போகிறது. இங்கே இடைப்பிறவரலாக ஒன்று சொல்ல வேண்டும். உழைக்கும் தசை, இன்சுலினின் செய்தியை எதிர்பாராமலே, தன் சுருக்கத்தினால் எழும் வேறொரு செய்தியைக் கொண்டு அதே குளூட் 4 கதவுகளை மேலே வரவழைத்துக்கொள்ளும். நீரிழிவு உள்ளவர்களிடமும் இந்த வழி பெரும்பாலும் கெடாமல் இருக்கிறது. நடந்துவிட்டு வந்த பிறகும் பல மணி நேரம் தசைகள் இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கின்றன. 'தினமும் நடங்கள்' என்று வைத்தியர் சொல்வதைச் சம்பிரதாயமான உபதேசம் என்று எண்ணி அலட்சியம் செய்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம், இந்தக் கதவுகளின் கதையை அவர்களுக்கு யாரேனும் சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்குமே என்று நான் வருந்துவதுண்டு.

இதுவரை சொன்ன வாயில்களில் சர்க்கரை மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானே இறங்கிச் செல்கிறது. ஆனால் சரீரத்தில் இரண்டு இடங்களில் அது மேட்டை நோக்கி ஏற வேண்டியிருக்கிறது. ஒன்று சிறுகுடல்: உண்ட உணவிலுள்ள சர்க்கரை, குடலில் சிறிதளவே எஞ்சி நிற்கும் வேளையிலும் விடாமல் உறிஞ்சப்பட வேண்டும். மற்றொன்று சிறுநீரகம். குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு ஒரு பொருளை ஏற்றுவதற்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்தி எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் ஒரு புதிராகவே இருந்தது.

1960-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிராக் நகரத்தில் கூடிய விஞ்ஞானிகளின் மகாநாட்டில், அமெரிக்கரான ராபர்ட் கிரேன் இந்தப் புதிரை விடுவித்தார். நம் ஊர்க் கவலை ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது எளிதில் விளங்கும். மாடுகள் சரிவில் கீழே இறங்கி நடக்க, வடத்தில் கட்டிய சால் நீரோடு கிணற்றிலிருந்து மேலே ஏறுகிறது. ஒன்றின் இறக்கம் மற்றொன்றின் ஏற்றமாகிறது. உயிரணுவின் வெளியே சோடியம் மிகுதி, உள்ளே குறைவு. ஆகவே சோடியம் எப்போதும் உள்ளே இறங்கத் துடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இறக்கத்தோடு சர்க்கரையின் ஏற்றத்தைப் பிணைத்துவிட்ட ஒரு வாயில் இருக்கிறது, அதில் சோடியம் வந்து அமர்ந்தாலன்றிச் சர்க்கரைக்கு வழி கிடைக்காது, இரண்டும் சேர்ந்தே உள்ளே போகும் என்பதுதான் கிரேன் கூறியது. ஏற்றத்தில் மாடும் சாலும் எதிரெதிரே செல்லும், இங்கே சோடியமும் சர்க்கரையும் ஒரே திசையில் செல்லும் என்பதே வித்தியாசம். இறங்கிய மாடுகளை மறுபடி மேட்டுக்குக் கொண்டுபோய் நிறுத்தும் உழைப்பு ஒன்று உண்டல்லவா? அதைச் செய்வது, உள்ளே வந்த சோடியத்தைச் சக்தி செலவழித்து வெளியே இறைக்கும் மற்றொரு புரதம். அதை 1957-இல் கண்டறிந்த டென்மார்க்கு விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோவுக்கு, நாற்பது ஆண்டுகள் கழித்து 1997-இல் நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது.

சோடியத்தோடு சேர்த்துச் சர்க்கரையை ஏற்றும் இந்த வாயில்களுக்கு எஸ்.ஜி.எல்.டி. என்று பெயர். குடலில் முதன்மையாக வேலை செய்வது முதலாம் வகை. சர்க்கரையும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும்போது அவற்றைத் தொடர்ந்து நீரும் போகிறது. காலராவால் குடல் நீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதுகூட இந்த வாயில் கெடுவதில்லை. 1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையோரத்துப் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பு வழியே ஏற்றும் திரவம் தீர்ந்துபோன வேளையில், கல்கத்தாவைச் சேர்ந்த திலீப் மகலானபிஸ் என்ற வைத்தியர், உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே வாய்வழி புகட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த மரண விகிதம் நான்குக்கும் கீழே இறங்கியது. வயிற்றோட்டத்தின்போது கஞ்சியில் உப்பிட்டுக் கொடுக்கும் நம் வீட்டுப் பெண்கள், அரிசியின் மாவு குடலில் குளுக்கோஸாக உடைந்து உப்போடு கைகோத்து இதே வாயிலில் நுழைகிறது என்பதை அறிந்து செய்யவில்லை. ஆனால் செய்தது சரியான காரியம்.

சிறுநீரகத்தில் நடப்பது இன்னும் விந்தையானது. நம் இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, நுண்குழல்களுக்குள் இறக்குகின்றன. அந்நீரில் சுமார் 180 கிராம் குளுக்கோஸ் கலந்திருக்கும். அவ்வளவையும் கழிவாக விட்டுவிட்டால் உண்ட சோற்றில் பெரும்பகுதி வீணாய்ப்போகும். ஆதலால் நுண்குழலின் தொடக்கத்திலேயே எஸ்.ஜி.எல்.டி. இரண்டாம் வகை வாயில்கள் வரிசையாக நின்று, நூற்றுக்குத் தொண்ணூறு பங்குச் சர்க்கரையைத் திரும்ப எடுத்து இரத்தத்தில் சேர்க்கின்றன. மிச்சத்தைச் சற்றுத் தள்ளி நிற்கும் முதலாம் வகை வாயில்கள் துடைத்தெடுக்கின்றன. ஆரோக்கியமானவரின் சிறுநீரில் சர்க்கரை இல்லாமைக்கு இதுவே காரணம். இரத்தச் சர்க்கரை நூறு மில்லிலிட்டருக்கு 180 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டும்போது வாயில்களின் ஆற்றலுக்கு மிஞ்சியது வழிந்து வெளியேறுகிறது. டாப்ஸன் காய்ச்சிக் கண்டது அந்த வழிதலைத்தான்.

இங்கே ஒரு பரிதாபம் இருக்கிறது. உணவு அருமையாயிருந்த காலத்துக்கு ஏற்ற இந்தச் சிக்கனம், இரத்தத்தில் சர்க்கரை மிதமிஞ்சிக் கிடக்கும் நீரிழிவுக்காரரிடமும் மாறாமல் தொடர்கிறது. இன்னும் சொன்னால், பலரிடம் இது கூடுதலாகவே நடக்கிறது. நஞ்சாகிவிட்ட செல்வத்தையும் காசுவிடாமல் எண்ணி எடுத்து உள்ளே வைக்கும் விசுவாசமுள்ள கணக்கப்பிள்ளையைப் போல, சிறுநீரகம் சர்க்கரையை இரத்தத்துக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கையைச் சற்றுத் தடுத்தால் என்ன?

தடுக்கும் பொருள் எப்போதோ கையில் கிடைத்துவிட்டது. 1835-இல் ஐரோப்பிய இரசாயனிகள், ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து கசப்பான ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, வேருக்கும் பட்டைக்கும் உரிய கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதற்கு ஃப்ளோரிஸின் என்று பெயரிட்டனர். கொயினா போலக் கசந்தமையால் காய்ச்சலுக்கு ஆகும் என்று கருதினர். அதை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஃபான் மேரிங், அவற்றின் சிறுநீரில் சர்க்கரை மிகுதியாக வெளிப்படுவதைக் கண்டு, 1886-இல் 'செயற்கை நீரிழிவு' என்ற தலைப்பில் எழுதினார். நான் முன்னே குறிப்பிட்ட முந்திய பரிசோதனை இதுவே. வியாதியை உண்டாக்கும் பொருள் என்று அவர் அன்று கருதியதிலிருந்துதான், நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேலாக வளைந்து வளைந்து வந்த பாதையில், என் நண்பரின் மாத்திரை பிறந்தது.

அப்பாதையின் திருப்பங்கள் எல்லாவற்றையும் இங்கே சொல்ல இடமில்லை. 1987-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. கலிபோர்னியாவில் எர்னெஸ்ட் ரைட் குழுவினர், முயலின் குடலிலிருந்து எடுத்த மரபுச் செய்தியை ஆப்பிரிக்கத் தவளை முட்டைக்குள் செலுத்தி, அந்த முட்டை சோடியத்தின் துணையோடு சர்க்கரையை ஏற்கத் தொடங்குவதைக் கொண்டு, கிரேன் ஊகித்த வாயிலின் மரபணுவைக் கையகப்படுத்தினர். அதே ஆண்டில், நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு ஃப்ளோரிஸினைக் கொடுத்த ஆராய்ச்சியாளர்கள், இரத்தச் சர்க்கரை இறங்கியதோடு இன்சுலினுக்குத் தசைகள் செவிசாய்க்கும் தன்மையும் திரும்பியதைக் கண்டனர்.

எந்த வாயிலை அடைப்பது, எதை விடுவது என்ற கேள்விக்கு விடை சொன்னவர்கள் நோயாளிகளே. குடலின் முதலாம் வகை வாயில் பிறவியிலேயே பழுதான குழந்தைகள் உண்டு. தாய்ப்பாலிலுள்ள சர்க்கரை உடைந்து உண்டாகும் குளுக்கோஸையும் காலக்டோஸையும் அவர்களால் உறிஞ்ச முடியாது. பால் குடிக்கக் குடிக்கக் கழிச்சல் மிகுந்து, காரணம் அறியாவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். வேறு வாயிலில் நுழையும் பழச்சர்க்கரையைக் கொடுத்தால் பிழைத்து வளர்கிறார்கள். இரு சகோதரிகளிடம், அந்தப் புரதத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதே காரணம் என்று 1991-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இதற்கு மாறாக, சிறுநீரகத்தின் இரண்டாம் வகை வாயில் பிறவியிலேயே பழுதானவர்களும் உண்டு. அவர்கள் நாள்தோறும் பல கிராம் சர்க்கரையை, சிலர் நூறு கிராமுக்கும் மேலாக, சிறுநீரில் இழந்துகொண்டே பெரும்பாலும் எந்தத் துன்பமும் இல்லாமல் வாழ்கின்றனர். முதலாவதைத் தொடாமல் இரண்டாவதை மட்டும் அடைக்கும் மருந்து வேண்டும் என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

ஃப்ளோரிஸின் அதற்கு ஏற்றதாக இல்லை. அது இரண்டு வாயில்களையும் அடைக்கும். தவிரவும், அதன் சர்க்கரைப் பகுதியை மற்றப் பகுதியோடு பிணைத்திருக்கும் பிராணவாயு அணுவைக் குடலிலுள்ள ஒரு நொதி சுலபமாக வெட்டிவிடும். இரசாயனிகள் அந்தப் பிராணவாயுவை எடுத்துவிட்டு, கரிம அணுவோடு கரிம அணுவை நேராகப் பிணைத்தனர். நொதிக்கு அது அறுபடவில்லை. இவ்வாறு உருவான டாபாகிளிஃப்ளோசின், முதலாம் வாயிலைவிட இரண்டாம் வாயிலை ஆயிரம் மடங்குக்கு மேல் விரும்பிப் பற்றுவது. 2012-இல் ஐரோப்பாவில் அது அனுமதி பெற்றது. கனாகிளிஃப்ளோசினும் எம்பாகிளிஃப்ளோசினும் தொடர்ந்து வந்தன. இப்பெயர்கள் அனைத்தின் வாலிலும் தொங்கும் 'ஃப்ளோசின்', அந்தப் பழைய வேர்ப்பட்டையின் நினைவுச்சின்னம். 2022-இல் பெய்ஜிங் விஞ்ஞானிகள், எம்பாகிளிஃப்ளோசின் பற்றிய நிலையில் இந்த வாயிலைப் படம் எடுத்துக் காட்டினர். மருந்தின் சர்க்கரைப் பகுதி சர்க்கரையின் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க, அதன் வால்பகுதி வெளிவாசலில் குறுக்கே கிடந்து, கதவை மூடவும் விடாமல் திருப்பவும் விடாமல் அப்படியே நிறுத்திவைத்திருக்கிறது.

இதனால் நீரிழிவு உள்ளவர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 கிராம் வரை சர்க்கரையைச் சிறுநீரில் கழிக்கிறார். இரத்தச் சர்க்கரை இறங்குகிறது. எடையும் இரண்டு மூன்று கிலோ குறைகிறது. இவ்வளவோடு நின்றிருந்தால், இருக்கும் மருந்துகளோடு இதுவும் ஒன்று என்றாகியிருக்கும். ஆனால் எவரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. புதிய நீரிழிவு மருந்துகள் இருதயத்துக்குக் கேடு செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டும் என அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகம் 2008-இல் விதித்திருந்தது. அதற்காக, ஏற்கெனவே இருதய வியாதியுள்ள 7020 நீரிழிவு நோயாளிகளிடம் எம்பாகிளிஃப்ளோசினைப் பரிசோதித்தனர். 2015-இல் முடிவு வெளியானபோது, கேடு இல்லை என்பதோடு, இருதய வியாதியால் நேரும் மரணம் நூற்றுக்கு 5.9-லிருந்து 3.7 ஆகக் குறைந்திருந்தது. பின்னர் 2019-இலும் 2020-இலும் வந்த பரிசோதனைகளில், நீரிழிவே இல்லாத இருதயத் தளர்ச்சி நோயாளிகளுக்கும், சிறுநீரகம் பழுதாகி வருபவர்களுக்கும் டாபாகிளிஃப்ளோசின் பயன்படுவது தெரிந்தது.

சிறுநீரகத்துக்கு இது எப்படிப் பாதுகாப்பாகிறது என்பதை மட்டுமாவது சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஏனெனில் கிரேன் சொன்ன சோடியப் பிணைப்பே இங்கும் விடை தருகிறது. நுண்குழல் வளைந்து சென்று, தான் புறப்பட்ட வடிகட்டியின் அருகே மீண்டும் வந்து தொடும் இடத்தில், உப்பின் அளவைக் கண்காணிக்கும் சில உயிரணுக்கள் இருக்கின்றன. நீரிழிவில், மிகுதியான சர்க்கரையோடு சேர்ந்து மிகுதியான சோடியமும் முன்னமே உறிஞ்சப்பட்டுவிடுவதால், அந்தக் காவலுக்கு வந்து சேரும் உப்பு குறைகிறது. நீர் போதிய அளவில் வடிகட்டப்படவில்லை என்று அது தவறாகக் கருதி, வடிகட்டிக்கு வரும் இரத்தக் குழாயை அகலமாக்கச் சொல்கிறது. அழுத்தம் ஏறுகிறது, பல ஆண்டுகளில் வடிகட்டி நைந்துபோகிறது. மருந்து, சர்க்கரையைத் தடுக்கும்போது அதனோடு பிணைந்த சோடியத்தையும் தடுத்துவிடுவதால், காவலுக்கு உண்மை தெரிகிறது, குழாய் பழையபடி சுருங்குகிறது, அழுத்தம் தணிகிறது. இதனால் முதல் சில வாரங்களில், சிறுநீரகத்தின் வேலையை அறிய இரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் அளவு சிறிது ஏறுவதும் உண்டு. அதைக் கண்டு மருந்தைத் தாமாக நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் கேட்க வேண்டும். இருதயம் பெறும் நன்மைக்கான காரணங்களில் ஆராய்ச்சியாளர்களிடையே இன்னும் விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

சென்னையிலுள்ள ஆராய்ச்சி நிலையம் ஒன்று முன்னின்று நடத்தி, 2023-இல் வெளிவந்த அகில இந்திய ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் பத்துக் கோடிக்கும் மேல். ஆகவே இம்மருந்துகளின் விலை என்பது சிறிய விஷயமன்று. டாபாகிளிஃப்ளோசினின் முதல் காப்புரிமை 2020-இலும், எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் இந்தியாவில் முடிந்தபின், பல உள்நாட்டு நிறுவனங்கள் இவற்றைச் செய்து விற்கத் தொடங்கின; விலையும் வெகுவாகக் கீழிறங்கியது. எட்டாத உயரத்தில் இருந்த மருந்து சாமானியர் கைக்கு வந்ததில் எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. அதே காரணத்தால், கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் உட்கொள்பவர்களும் பெருகுவார்களே என்ற கவலையும் எனக்கு உண்டு.

ஏனெனில், கழியும் சர்க்கரை போகும் வழியெல்லாம் இனிப்பை விட்டுச்செல்கிறது. மறைவிடங்களில் பூஞ்சை தொற்றி அரிப்பு உண்டாகலாம், சுத்தம் பேணுதல் அவசியம். நீரும் உப்பும் மிகுதியாக வெளியேறுவதால், முதியவர்களுக்கும், நீர் இறங்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் எழுந்து நிற்கையில் தலை சுற்றலாம். இவற்றைவிடக் கடுமையானது, அபூர்வமாயினும் அஞ்சத்தக்கது, இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகும் நிலை. வழக்கமாக அது சர்க்கரை மிக உயர்ந்திருக்கும்போது வருவது. இம்மருந்து உட்கொள்பவரிடமோ சர்க்கரை ஏறக்குறைய இயல்பான அளவில் இருக்கும்போதே வந்துவிடக்கூடும். ஆதலால் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு ஆகியவை தோன்றினால், குளுக்கோமீட்டர் காட்டும் நல்ல எண்ணைப் பார்த்து ஏமாந்திருக்கலாகாது. உணவு உட்கொள்ள இயலாத காய்ச்சலிலும், நீண்ட உபவாசத்திலும் என்ன செய்வது என்பதை வைத்தியரிடம் முன்னமே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்னதாக இதை நிறுத்திவைப்பது வழக்கம். கணையம் அறவே இன்சுலின் சுரக்காத முதல் வகை நீரிழிவு உள்ளவர்கள் இதைத் தாமாக நாடக் கூடாது.

என் நண்பரிடம் அன்று இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. அவருக்கு அடுத்த மாதம் கண்புரைச் சிகிச்சை ஏற்பாடாகியிருந்தது. இந்த மாத்திரையைப் பற்றிக் கண் வைத்தியரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொன்னேன், பெயரைச் சொல்லவில்லை" என்றார். சீட்டின் பின்புறத்திலேயே மாத்திரையின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுமாறு சொல்லி அனுப்பினேன்.